அறுபத்து மூன்று கிலோ பிரிவில் ஒருத்தி

மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஸ்டீம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் இறங்கி நிற்கும் கடைசித் தளத்தில், தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை அவளுடையது. மேலே ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தி, கத்தரி, இடுக்கி, எலும்பு அறுக்கும் ரம்பம் எல்லாம் ஒரு பக்கக் கதவு வழியாக ரத்தக் கறையோடு வரும். கழுவித் தேய்த்து உலர்த்தி, தட்டில் வரிசையாக அடுக்கி, பச்சைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் வேகவைத்து, மறு பக்கக் கதவு வழியாக அனுப்ப வேண்டும். யாருக்கு ஆபரேஷன் நடந்தது, யார் பிழைத்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்ற சேதியெல்லாம் அவ்வளவு கீழே இறங்கி வராது. இரும்பு வரும், இரும்பு போகும். மூட்டு மாற்றும் ஆபரேஷனுக்கான தட்டுகள்தான் இருப்பதிலேயே கனம். அவற்றைச் சத்தமில்லாமல் மேஜையில் வைக்க வேண்டும். டங்கென்று வைத்தால் முனை மழுங்கிவிடும். அந்த வேலையில் அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

வீட்டில் மூன்று பேர் இருந்த காலம் ஒன்று உண்டு. மகள் படிப்பு முடிந்து வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். அடுத்த வருடம் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். அவருடைய அண்ணன் வேறொரு ஊரில் பெயின்ட் கடை வைத்திருந்தார். "அண்ணனுக்குக் கண்ணு சரியாத் தெரியல. கொஞ்ச நாள் கடையில போய் உக்காந்துட்டு வரேன்" என்று ஒரே ஒரு பையோடு கிளம்பினார். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. அடுத்த முறை வந்தபோது மீதித் துணிமணிகளை எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த முறை ரேடியோ போனது. சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஃபோன் செய்வார்.

"சாப்பிட்டியா? தண்ணி ஒழுங்கா வருதா? கதவப் பூட்டிட்டியா?"

மூன்றுக்கும் ஆமாம் என்பாள்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"சரி, வெச்சிடறேன்."

யாராவது விசாரித்தால், "அவர் அங்க, நான் இங்க" என்பாள். அதற்குமேல் கேட்கத் தோன்றாத மாதிரி அதைச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தாள்.

வீடு முதல் மாடியில் இருந்தது. நேர் கீழே, பழைய கிடங்கு ஒன்றை உடற்பயிற்சிக் கூடமாக மாற்றியிருந்தார்கள். அது வந்து வெகு நாளாகியிருந்தாலும், வீட்டில் ஆள் இருந்தவரை அவள் காதில் அது விழவே இல்லை. வீடு காலியான பிறகுதான் தொம், தொம் என்று தரை வழியாகச் சத்தம் ஏறி வர ஆரம்பித்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தொம் எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒரு சாயங்காலம் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"யாருங்க இங்க பொறுப்பு?"

கழுத்தே இல்லாத ஒரு பெரிய ஆள் எழுந்து வந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய குரல்.

"நான்தாம்மா. சொல்லுங்க."

"மேல குடியிருக்கேன். நீங்க போடற போடுல என் வீடே ஆடுது. இதையெல்லாம் மெதுவாக் கீழ வெக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"தூக்கறதுகூட ஈஸிம்மா. மெதுவா வெக்கறதுதான் கஷ்டம்."

"அதுல என்ன பெரிய கஷ்டம்?"

வாய் தவறி வந்த வார்த்தை. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தரையில் ஒரு நீளக் கம்பி, இரு பக்கமும் கறுப்புத் தட்டுகளோடு கிடந்தது. இனி பின்வாங்கினால் மரியாதை இல்லை என்று அவள் குனிந்தாள்.

"அப்படிக் குனியாதீங்க, இடுப்புப் புடிச்சுக்கும். பின்னாடி ஒரு நாற்காலி இருக்கற மாதிரி உக்காருங்க. நெஞ்ச நிமித்துங்க. இப்ப கம்பிய இழுக்காதீங்க, தரையக் காலால தள்ளுங்க."

தள்ளினாள். கம்பி எழுந்து வந்தது. எப்படி வந்தது என்று பிற்பாடு யோசித்தபோதும் அவளுக்கே புரியவில்லை. முழங்காலுக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, உள்ளங்கையில் இருந்து உள்ளங்கால்வரை உடம்பு முழுக்க ஒரே ஆளாக இருந்தது. பிறகு மருத்துவமனையில் மூட்டுத் தட்டை வைப்பது போல, தரைக்கே தெரியாமல் அதைக் கீழே வைத்தாள்.

"இத இங்க இருக்கறவனுங்களுக்கெல்லாம் ஒரு தடவ காட்டுங்கம்மா" என்றார் மாஸ்டர்.

அவள் மாடிக்குப் போய்விட்டாள். போனவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் கீழே வந்து நின்றாள்.

"சத்தம் குறைஞ்சிருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"குறைஞ்சிருக்காம்மா?"

"தெரியல."

"சரி, வந்தது வந்தீங்க. ஒரு தடவ தூக்கிட்டுப் போங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. தோளில் கம்பியைச் சுமந்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையிலிருந்து தூக்கி நிமிர்வது டெட் லிஃப்ட். பவர் லிஃப்டிங் என்றால் இந்த மூன்றும்தான். அவளுக்கு மூன்றாவது சட்டென்று வந்தது, முதலாவது மெல்ல வந்தது, நடுவில் இருப்பது வருவேனா என்று அடம் பிடித்தது. பெஞ்சில் படுத்தால் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்ள. அதை யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டே அவள் பல நாள் அந்தப் பெஞ்சைத் தவிர்த்தாள். "யாரையாவது கூப்பிடுங்கம்மா, இங்க யாரும் கடிக்க மாட்டாங்க" என்று மாஸ்டரே வந்து நிற்பார். நின்றால் கம்பியைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். வீடு, வாசல், குடும்பம் எதுவும் கேட்கமாட்டார். அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சில நாள், கேட்டால்தான் என்ன என்றும் இருந்தது.

கீழ்த்தளத்தில் கூட வேலை செய்தவள் விஷயம் தெரிந்ததும் மூக்கின் மேல் விரல் வைத்தாள்.

"இங்க தூக்கறது பத்தலையாக்கா? அங்க போய் வேற தூக்கறீங்க?"

"அங்க தூக்கினா மறுபடியும் கழுவ வேண்டாம்."

மகள் ஃபோனில் கத்தினாள். "அம்மா, உனக்கு என்ன வயசுன்னு ஞாபகம் இருக்கா? எங்கயாவது பிசகிக்கிட்டா யாரு வந்து பாக்கறது?"

பிசகாவிட்டாலும் யார் வந்து பார்க்கிறார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. "பாத்துதான்டி பண்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வருடம் போல ஆனதும் மாஸ்டர் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். "நாப்பது வயசுக்கு மேல போனா அந்தப் பிரிவுக்குப் பேரே மாஸ்டர்ஸ்தாம்மா. நீங்களும் மாஸ்டர், நானும் மாஸ்டர்" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். உடை ஒன்று வாங்க வேண்டியிருந்தது. கையில்லாமல், தொடை பாதிவரை, உடம்போடு ஒட்டிய ஒற்றை உடை. அதை வீட்டில் போட்டுப் பார்க்கும்போது படுக்கையறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். போட்டபிறகுதான், யார் வரப்போகிறார்கள் என்று தோன்றியது. கதவைத் திறந்துவிட்டு, அந்த உடையோடே ஹால், சமையலறை, பால்கனிக் கதவுவரை நடந்து பார்த்தாள். எங்கேயும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போட்டி ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. எங்கு பார்த்தாலும் வாலிபப் பிள்ளைகள், பிடி வழுக்காமல் கையில் பூசும் வெள்ளைப் பொடி, வலி மருந்து வாசனை. உடம்பின் எடையை வைத்தும் வயதை வைத்தும் பிரிவு பிரிப்பார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், அறுபத்து மூன்று கிலோவரை: அதுதான் அவள் பிரிவு.

மேடை ஏறினாள். முன்னால் ஒருவர், இரு பக்கமும் இருவர் என்று மூன்று நடுவர்கள். முழங்கால் மடங்காமல் நிமிர்ந்திருக்கிறதா, இடுப்பு போதுமான அளவு இறங்கியதா என்று மூன்று பேரும் கண் கொட்டாமல் அவளையே பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் "ஸ்குவாட்" என்றார்; இறங்கினாள். ஏறினாள். "ராக்" என்றார், கம்பியைத் தாங்கியில் வைத்தாள். மூன்று வெள்ளை விளக்குகள் எரிந்தன. மூன்று பேர் ஒரே நேரத்தில் தன்னை இவ்வளவு கவனமாகப் பார்த்து, சரி என்று கடைசியாகச் சொன்னது எப்போது என்று அவளுக்கு நினைவே வரவில்லை. விளக்கு அணைந்தபிறகும் கொஞ்சம் நின்றிருந்தாள். கம்பி பிடிக்கும் பையன்கள்தான், "ஆன்ட்டி, முடிஞ்சிருச்சு, இறங்கலாம்" என்றார்கள்.

பரிசளிப்பு சாயங்காலம். ஒலிபெருக்கியில் அவள் பிரிவை அழைத்து, முதலிடம் என்றார்கள். மூன்று படிகள் கொண்ட மேடையில் நடுப்படியில் ஏறினாள். பதக்கம் மாட்டினார்கள். அப்புறம் இரண்டாமிடம் என்று கூப்பிடுவார்கள் என்று இடது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பிரிவைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான். வெறும் கம்பியைத் தூக்கிக் காட்டியிருந்தாலும் அந்தப் பதக்கம் அவளுக்குத்தான்.

ஃபோட்டோவைக் குடும்பத்தாருக்கு அனுப்பினாள். வீட்டுக்காரரின் அண்ணன் கட்டைவிரல் காட்டினார். வீட்டுக்காரர் கைகூப்பும் படம் ஒன்று போட்டார். மகள் உடனே எழுதினாள்: "அம்மா!!! செம! எத்தனை பேர்ல ஃபர்ஸ்ட்?"

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில், "நிறைய பேர்" என்று அனுப்பிவிட்டாள்.

அந்த இரண்டு வார்த்தை படுத்திய பாடு கொஞ்சமில்லை. மகள் தன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர், மூன்று கேள்வியும் முடிந்தபிறகு, "நிறைய பேர்ல ஃபர்ஸ்ட்டாமே" என்றார். அதிசயமாக நாலாவது விஷயம் ஒன்று பேசினார், அதுவும் பொய்யைப் பற்றியதாகப் போய்விட்டது. அவள் "ம்" என்றாள்.

சில மாதம் கழித்து அவர் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தார். படுக்கையறை வாசலில் நின்றுவிட்டார்.

"பீரோவ யாரு இந்தப் பக்கம் நகத்தினா?"

"நான்தான். அங்க சுவர் ஓதம் அடிச்சிருந்துச்சு."

"ஒருத்தியாவா? யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

"யாரை?"

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். அப்புறம், சுவரில் ஓதம் அடித்த இடத்துக்கு எந்த பெயின்ட் நிற்கும் என்று விவரமாகச் சொன்னார். கடையில் இருந்து அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பிப் போனார். பெயின்ட் நிஜமாகவே வந்தது. அவளே அடித்தாள்.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்த வாரம், மாஸ்டர் அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, உங்க பிரிவுல இன்னொருத்தங்க பேரு குடுத்திருக்காங்க."

"யாரு?"

"தெரியல. வேற ஊரு. பஸ் டிரைவராம்."

அன்றிலிருந்து அவள் தனியாகப் பயிற்சி செய்யவில்லை. கம்பியின் அந்தப் பக்கத்தில் எப்போதும் அந்த முகம் தெரியாத டிரைவர் நின்றாள். காலையில் எழுந்ததும், இந்நேரம் அவள் வண்டியைக் கிளப்பியிருப்பாளா என்று நினைத்தாள். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, அவளும் இப்படித்தான் நிற்பாளா, அவளுக்குச் சமைத்துப்போட யாராவது இருப்பார்களா என்று நினைத்தாள். "நீ எத்தனை தூக்குவே? சொல்லேன்" என்று ஒரு முறை சத்தமாகவே கேட்டுவிட்டாள். தோற்றுப்போனால் என்ன என்ற யோசனை வந்தபோது பயமாக இல்லை, மாறாக, பசித்தது. ஜெயிக்க வேண்டும் என்பதைவிட, இடது பக்கப் படியிலோ நடுப்படியிலோ பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது.

போட்டி நாள் காலையில் எடை பார்க்கும் அறை வாசலில், சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை என்று போட்டுக்கொண்டு, முகமெல்லாம் வியர்வை வழிய ஒரு பெண் குதித்துக்கொண்டிருந்தாள். அகலமான தோள், நரைத்த குட்டை முடி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பஸ் டிரைவர் நீங்கதானா?"

"ஆமா. நீங்க யாரு? பாஸா, டிக்கெட்டா?"

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அறுபத்து மூணு கிலோ."

டிரைவர் குதிப்பதை நிறுத்தினாள். "அடக் கடவுளே. உங்களுக்காகத்தான் ரெண்டு நாளாப் பட்டினி கிடக்கறேன். முந்நூறு கிராம் கூட இருக்கு. துப்பித் துப்பி வாயே காஞ்சு போச்சு."

எடை பார்க்கும் நேரம் முடியும்வரை இருவரும் அந்த வராந்தாவில் மேலும் கீழும் ஓடினார்கள். இவள் ஓட வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் ஓடினாள். கடைசியாக உள்ளே போய்விட்டு வந்த டிரைவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு டீ கிளாஸ் அளவு தண்ணிதான் கூட இருக்கும். போயே போச்சு. மேல் பிரிவுல போட்டுட்டாங்க. அங்க நான் மட்டும்தானாம்."

"இங்க நான் மட்டும்."

"போன வருஷம்?"

"போன வருஷமும் நான் மட்டும்." இதுவரை யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள். "வீட்ல நிறைய பேருன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் எங்க ஊர்ப் போட்டியில எட்டுப் பேருன்னு சொல்லி வெச்சிருக்கேன். எங்க டிப்போல இன்னும் நம்பிட்டிருக்கானுங்க."

பிரிவு வேறானாலும், வயதான பெண்கள் குறைவு என்பதால் இருவரையும் ஒரே வரிசையில்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒருத்தி தூக்கிவிட்டு இறங்க, மற்றவள் ஏறினாள். இடுப்புப் பெல்ட்டை இன்னொருவர் இழுத்துக் கட்டினால்தான் சரியாக இறுகும். "நல்லா இழுங்கக்கா, நான் என்ன கண்ணாடியா?" என்று டிரைவர் அதட்டினாள். யாருக்கு யார் அக்கா என்று கணக்குப் பார்த்ததில் டிரைவர்தான் சில மாதம் மூத்தவள் என்று தெரிந்தது. "அப்ப மரியாதையாப் பேசு" என்றாள் டிரைவர்.

ஸ்குவாட்டில் டிரைவர் வெகுதூரம் முன்னால் போனாள். பெஞ்சில் கொஞ்சம். டெட் லிஃப்ட்டில் இவள் துரத்தி நெருங்கினாள். கடைசி முறை, இதுவரை தொடாத எடையைக் கேட்டாள். கம்பி முழங்காலில் வந்து ஒரு கணம் நின்றது. "தள்ளு! தரையத் தள்ளு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து பஸ் டிப்போக் குரல் ஒன்று அரங்கம் அதிரக் கத்தியது. தள்ளினாள். மூன்றும் வெள்ளை. ஆனாலும் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது டிரைவர்தான் இரண்டரைக் கிலோ அதிகம். பக்கத்துக்கு ஒன்றாக மாட்டும் இருப்பதிலேயே சின்னத் தட்டு, பிஸ்கெட் மாதிரி இருக்கும், அந்த அளவு.

"நான்தான் ஜெயிச்சேன். ஆனா யாருக்கும் தெரியாது" என்றாள் டிரைவர்.

"எனக்குத் தெரியும்."

பரிசளிப்பில் முதலில் இவள் தனியாக நடுப்படியில் ஏறி நின்றாள், பிறகு அவள் தனியாக ஏறி நின்றாள். ஒருத்தி நிற்கும்போது மற்றவள் ஃபோட்டோ எடுத்தாள். சேர்ந்து நிற்க நினைத்தபோது அடுத்த பிரிவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை முதல் வண்டி எடுக்க வேண்டும் என்று டிரைவர் அவசரமாகக் கிளம்பினாள். நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அவள் மகளைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, ஃபர்ஸ்ட்டா?"

"தோத்துட்டேன்டி."

"அப்ப மெடல் ஃபோட்டோ அனுப்பியிருக்க?"

எல்லாவற்றையும் சொன்னாள். போன வருடத்துப் பொய்யையும் சேர்த்து. 

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"ஒருத்தியா நின்னேன்னு சொன்னா நீ வருத்தப்படுவே."

"இப்ப மட்டும் படலையா?" என்றாள் மகள்.  அப்புறம் அவளை யாரோ கூப்பிட்டார்கள், மீட்டிங் என்றாள். "சாயங்காலம் பேசறேன்மா" என்றாள். பேசவும் செய்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். அடுத்த போட்டிக்கு லீவு கிடைக்குமா என்று பார்ப்பதாகச் சொன்னாள். லீவு கிடைக்கவில்லை.

டிரைவர் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. நேரில் அத்தனை சத்தம் போட்டவள், ஃபோனில் வெறும் எண்ணைத்தான் அனுப்புவாள். "85" என்று வரும். அன்றைக்குத் தூக்கியது அவ்வளவு என்று அர்த்தம். இவள் தன்னுடையதை அனுப்புவாள். நலமா, சாப்பிட்டியா எதுவும் கிடையாது. சாயங்காலம் பயிற்சி முடிந்து மாடியேறி, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அந்த எண்ணைப் பார்ப்பாள். குறைந்திருந்தால் அங்கே வண்டியில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

பிறகு எண்கள் நின்றுபோயின. இவள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வருடப் போட்டியில் அவள் பிரிவிலும் அவள்தான், மேல் பிரிவிலோ யாருமே இல்லை. நடுப்படியில் ஏறினாள், இறங்கினாள். பெல்ட்டை மாஸ்டர் இழுத்துக் கட்டினார். பயந்து பயந்து இழுத்ததில் இறுகவே இல்லை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், கூடத்துக்கு இறங்கும் படியில் ஃபோன் சிணுங்கியது. "30" என்று வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: "தோள் ஆபரேஷன். இப்பதான் தொட விட்டாங்க."

அவள் படியிலேயே நின்று அதை இரண்டு மூன்று முறை படித்தாள். பிறகு உள்ளே போய், கம்பியில் மாட்டியிருந்த பெரிய தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சின்னத் தட்டுகளைத் தேடி எடுத்து மாட்டினாள்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மாஸ்டர்."

"அப்புறம் ஏன் முப்பது?"

"இன்னைக்கு இதுதான்."

நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, தரையைத் தள்ளினாள். கனமே இல்லாமல் கம்பி எழுந்து வந்தது. பயிற்சி நேரம் முடியும்வரை அதையே தூக்கினாள், அதையே வைத்தாள். பிறகு கைப் பொடியைத் தட்டிவிட்டு, ஃபோனை எடுத்து "30" என்று அனுப்பினாள்.